பதின்மூன்றாம் எழுத்து

சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி.
வெளியே அக்கினி நட்சத்திரம், உள்ளே பதினெட்டு டிகிரி.
மே மாதத்தில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறுகிறவளைப் பார்த்துச்
சிரிக்கத்தான் சிரிப்பார்கள்.
மெயின்ஃபிரேமுக்கு வியர்க்கக் கூடாது.

தோல் தொழிலாளர் சேமநிதி.
ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு,
சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தவர்களுக்கு
இங்கே ஆளுக்கு ஒரு வரி.

ராத்திரி பன்னிரண்டுக்கு அந்த வரிகளை
டேப்பில் நகலெடுப்போம்.
விடியுமுன் முனிரத்தினம் வேனில் ஏற்றிப்
பாலாற்றுப் பாலம் தாண்டிக்
காட்பாடி லாக்கரில் வைத்துவிட்டு வருவார்.
இந்தக் கரை தீப்பிடித்தால் அந்தக் கரை பிழைக்கும் என்பது கணக்கு.
வெள்ளம் வந்தால் என்று யாரும் கேட்டதில்லை.
பாலாற்றைப் பார்த்தவர் கேட்கமாட்டார்.

சென்னையிலிருந்து நிஷாந்த் வந்தான்,
புது மென்பொருளோடு, புது ஃபைபரோடு.
இனிமேல் பதினோரு நிமிஷம், மேடம், என்றான்.
எதற்குப் பதினோரு நிமிஷம் என்று
முனிரத்தினம் மட்டும் கேட்கவில்லை.
வேன் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாற்றுகிற ராத்திரி,
அறுபத்தேழு சதவீதத்தில் கோடு நின்றது.
ஒன்று நாற்பது. நிஷாந்த் நகத்தைக் கடித்தான்.
விருதம்பட்டில் சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி
ஃபைபரையும் சேர்த்து அள்ளிவிட்டதாம்.
நான் போன் போட்டேன்.
"தோ வந்துகினே கீறேன்மா"
என்றவர் முக்கால் மணியில் வந்தார்.
நாற்பத்திரண்டு கார்ட்ரிட்ஜ், ஒரே பெட்டி.
பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டிருந்தார்,
தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

விடியற்காலை எண்ணிப் பார்த்தோம்.
பழைய பக்கம் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து இருநூற்று ஆறு.
புதுப் பக்கமும் அதே இருநூற்று ஆறு.
நிஷாந்த் கை தட்டினான், தனியாக.

பழைய பெட்டியில் பெயருக்குப் பன்னிரண்டு இடம்,
அதுவும் இங்கிலீஷில்.
அந்தக் காலத்தில் எழுத்துக்கும் காசு.
புதுப் பெட்டியில் நூறு.
நான் சும்மா கீழே இறங்கிக்கொண்டே போனேன்:

தட்சிணாமூர்
(எந்த ஊர் இது, பஸ் நிற்குமா?)
கன்னிகாபரம்
ஃபஹ்மீதா பேக்
பேகமாய்ப் போனவள் பேக் ஆகி
இருபத்தாறு வருஷம் ஆண்பிள்ளைப் பெயரில்
சந்தா கட்டியிருக்கிறாள்.

முனிரத்தினம் தன் பெயரை இங்கிலீஷில்
விரல்விட்டு எண்ணினார்.
பன்னிரண்டில் வந்து நின்றது.
"எனக்குன்னே தச்ச மாதிரி கீது"
என்றார். சிரித்தோமா என்று ஞாபகமில்லை.

மீதி எழுத்தெல்லாம் எங்கே என்றேன்.
"இருக்கிறதைக் கொண்டுபோறதுதான் மேடம் மைக்ரேஷன்.
அங்க இல்லாதது இங்க எப்படி வரும்?"
நியாயம்தான்.
பெயருக்கு எண்பத்தெட்டு வெற்றிடம்,
ஒன்றுகூடச் சிந்தாமல் வந்து சேர்ந்திருந்தது.
ஆற்றில் நீரில்லை, கோட்டையில் ராஜா இல்லை என்று
எங்களூரைக் கேலி பேசுகிறவர்கள்
இந்தத் திரையைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை கவுன்டரில் ஒரு அம்மாள்.
மேல்விஷாரம். பர்தாவுக்கு வெளியே
நகம் வெளுத்த விரல்கள்.
பெயர் பொருந்தவில்லை என்று
ரெண்டு தடவை திருப்பி அனுப்பிய விண்ணப்பம்.
"நான்தான்னு எத்தனை பேர்கிட்ட சொல்றது?"

கர்சரைப் பதின்மூன்றாம் இடத்தில் வைத்தேன்.
அது இத்தனை நாளும் அங்கேதான்
துடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.
யூ. எம்.
ரெண்டே எழுத்து.
சேர்த்துப் படித்தால், நம் மொழியில், உம்.

வேன் இப்போது ஆடிட்டர்களை
ஸ்டேஷனிலிருந்து கூட்டிவருகிறது.
அன்றிரவு பன்னிரண்டுக்கு
பாலாற்றைக் கடந்தவற்றில்
அவையும்.